ஒலி எந்த மடையில் நின்றது? இசைப் பதிவு மென்பொருளில் சிக்கல் தீர்க்க முழுமையான வழிகாட்டி

"அண்ணா, மென்பொருளை மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவிவிட்டேன். இன்னும் மைக்கில் சத்தம் வரவில்லை."

இப்படி ஓர் அழைப்பு எனக்கு மாதத்தில் இரண்டு மூன்று முறையாவது வந்துவிடுகிறது. ஒரு நாள் பாலக்கோட்டிலிருந்து, ஒரு நாள் அரூரிலிருந்து, இன்னொரு நாள் ஓசூரிலிருந்து. கோயில் திருவிழாவுக்குப் பக்திப் பாடல் பதிகிறவர்கள், கூத்துக் குழுவின் பாட்டைப் பதிந்து வைக்க நினைப்பவர்கள், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறி மாறிப் பாடுகிறவர்களுக்கு இசை கோக்கும் இளைஞர்கள். ஒரு மடிக்கணினி, மைக்கின் ஒலியைக் கணினிக்கு மாற்றித் தரும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். இவ்வளவுதான் எல்லோரிடமும் இருக்கிறது. நல்ல பாட்டைப் பதிய இது போதும். ஆனால் சிக்கல் வந்தவுடன் முதலில் மென்பொருளை அழிக்கிறார்கள். அங்கேதான் நேரம் வீணாகிறது.

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் கிணற்றைத் தூர்த்துவிட்டுப் புதுக் கிணறு வெட்டுவதில்லை. மோட்டார் ஓடுகிறதா, குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எந்த மடையில் மண் சரிந்திருக்கிறது என்று தண்ணீர் வரும் வழியிலேயே நடந்து பார்க்கிறோம். ஒலிக்கும் அப்படி ஒரு வழி உண்டு. வாய், மைக், கேபிள், இன்டர்ஃபேஸ், அதைக் கணினியோடு பேச வைக்கும் டிரைவர், மென்பொருளில் ஒரு டிராக், எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர், கடைசியில் ஹெட்போன். இந்த வழியில் நடக்கத் தெரிந்தால் பத்தில் எட்டுச் சிக்கலை நீங்களே தீர்த்துவிடலாம். நடக்கும்போது ஒரு விதி மட்டும் கட்டாயம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது, அடுத்த முறையும் தடுமாறுவீர்கள்.

நான் பயன்படுத்தும் பதிவு மென்பொருள் ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். சொந்தப் பயன்பாட்டுக்கான உரிமம் 60 டாலர். அதனால் மெனுப் பெயர்களை அதிலிருந்தே சொல்கிறேன். வேறு மென்பொருளிலும் இதே அமைப்புகள் வேறு பெயரில் இருக்கும்.

படி 1: தொடங்கும் முன் மூன்று முடிவுகள்

முதல் முடிவு, சாம்பிள் ரேட், அதாவது ஒலியை ஒரு வினாடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுவது என்ற எண். 44,100 அல்லது 48,000, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். வீடியோவோடு சேரும் வேலை என்றால் 48,000 நல்லது. ரீப்பரில் ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் புராஜெக்ட் செட்டிங்ஸ் திறக்கும். அங்கே இதை எழுதி டிக் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, 24 பிட்; ஒவ்வோர் அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுவது என்பது இது. ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடம் தருகிறது. 16 பிட்டில் 96 டெசிபல், 24 பிட்டில் 144. இந்தக் கூடுதல் இடம் இருப்பதால்தான் ஒலியளவைத் தாழ்வாக வைத்துப் பதிந்து, பிறகு இரைச்சல் ஏறாமல் உயர்த்திக்கொள்ள முடிகிறது.

மூன்றாவது, கோப்புறை. ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கோப்புறை. ரீப்பரில் முதல் முறை சேமிக்கும்போதே "கிரியேட் சப்டைரக்டரி", "காப்பி ஆல் மீடியா" என்ற இரண்டு கட்டங்களையும் டிக் செய்யுங்கள். தம்புரா ஒலியைப் பென் டிரைவிலிருந்து இழுத்துப் போட்டு, பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் "கோப்பு இல்லை" என்று திரை சொல்லும்போது தவிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

படி 2: ஒலியே வரவில்லை

வழியின் தொடக்கத்திலிருந்து நடப்போம்.

இன்டர்ஃபேஸில் மைக் செருகிய இடத்துக்குப் பக்கத்தில் சிறு விளக்கு இருக்கும். மைக்கில் பேசுங்கள். விளக்கு பச்சையாக மின்னுகிறதா? மின்னவில்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டாம். சிக்கல் அதற்கு முன்னாலேயே இருக்கிறது. கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து வேறு கேபிள், அதற்கடுத்து வேறு மைக். பெரும்பாலும் கேபிள் நுனியில் உள்ள பற்றவைப்புதான் விட்டிருக்கும்.

விளக்கு மின்னுகிறது, மென்பொருளில் மட்டும் அசைவில்லை என்றால் டிரைவருக்குப் போங்கள். ஆப்ஷன்ஸ், பிரிஃபரன்சஸ், ஆடியோ, டிவைஸ். விண்டோஸில் "ஏஎஸ்ஐஓ" (ஒலியைக் குறைந்த தாமதத்தில் கொண்டுபோகும் டிரைவர் வகை) தேர்வாகி, அதன் கீழே உங்கள் இன்டர்ஃபேஸின் பெயர் வந்திருக்க வேண்டும். இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் சொந்த டிரைவர் இருந்தால் அதையே போடுங்கள். ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவர், சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் இல்லாத கருவிக்கு மட்டும். ஏஎஸ்ஐஓ அல்லாத வழியில் பதிகிறீர்கள் என்றால் விண்டோஸின் பிரைவசி அமைப்பில் மைக்ரோஃபோன் அனுமதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். மேக்கிலும் இதே அனுமதி உண்டு. அது இல்லாவிட்டால் டிராக் பதிவாகும், ஆனால் வெறும் அமைதியாகப் பதிவாகும்.

டிரைவர் சரி என்றால் டிராக். கன்ட்ரோல், டி அழுத்திப் புது டிராக் எடுங்கள். சிவப்பு வட்டத்தை அழுத்துங்கள். இன்புட் எது என்று பாருங்கள். இரண்டாம் துளையில் மைக்கைச் செருகிவிட்டு இன்புட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் இரவு முழுக்க விழித்தாலும் சத்தம் வராது. மீட்டர் அசைகிறது, காதில் கேட்கவில்லை என்றால் சிக்கல் வெளியே போகும் பக்கம்: மாஸ்டர் மியூட்டில் இருக்கலாம், வேறு டிராக்கில் சோலோ அழுந்தியிருக்கலாம், ஹெட்போன் குமிழ் கீழே இருக்கலாம்.

குரல் இடது காதில் மட்டும் கேட்கிறது என்று ஒரு புகார் அடிக்கடி வரும். இது பழுதே இல்லை. இன்புட்டை ஸ்டீரியோ என்று வைத்திருக்கிறீர்கள். மோனோ இன்புட் 1 என்று மாற்றினால் குரல் நடுவுக்கு வந்துவிடும்.

படி 3: பாடுகிறவருக்குத் தன் குரல் தாமதமாகக் கேட்கிறது

ரீப்பரின் மேல் வலது மூலையில் சிறு எழுத்தில் ஒரு வரி ஓடும்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், 256 சாம்பிள், அதற்குப் பக்கத்தில் மில்லி வினாடியில் இரண்டு எண்கள். பலர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. உங்கள் கணினியின் நாடித் துடிப்பு அதில்தான் இருக்கிறது.

அந்த 256 சாம்பிள்தான் பஃபர், அதாவது கணினி ஒரே தடவையில் வாங்கிக் கையாளும் ஒலியின் அளவு. 256 சாம்பிளை 48,000 ஆல் வகுத்தால் 5.3 மில்லி வினாடி. 1024 என்றால் 21.3 மில்லி வினாடி. இது உள்ளே வரும் வழிக்கு மட்டும். வெளியே போகவும் ஏறத்தாழ அவ்வளவு ஆகும். ஒலி காற்றில் ஒரு வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அந்தக் கணக்கில் 21 மில்லி வினாடி என்பது ஏழு மீட்டர் தூரம். ஏழு மீட்டருக்கு அப்பால் அடிக்கும் மத்தளத்தைக் கேட்டுப் பாடுவது போல இருக்கும் பாடுகிறவருக்கு. போகவரச் சேர்த்தால் பதினான்கு மீட்டர். தாளம் சறுக்காமல் என்ன செய்யும்? அவரைக் குறை சொல்லாதீர்கள்.

பதியும்போது பஃபரை 128 அல்லது 64க்கு இறக்குங்கள். கலவை செய்யும்போது 1024க்கு ஏற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். இறக்கியும் தாமதம் போகவில்லை என்றால் மாஸ்டரில் லிமிட்டர் (உச்ச ஒலியைத் தடுத்து நிறுத்துவது) போன்ற பிளகின், அதாவது ஒலியை மாற்றும் துணை நிரல், இருக்கிறதா என்று பாருங்கள். சில பிளகின்கள் வரப்போகும் ஒலியை முன்கூட்டியே பார்க்க வேண்டியிருப்பதால் எல்லாவற்றையும் தாமதப்படுத்தும். பதிவு முடியும்வரை அவற்றை நிறுத்தி வையுங்கள்.

இன்டர்ஃபேஸிலேயே "டைரக்ட் மானிட்டர்" பொத்தான் இருந்தால் இன்னும் எளிது. குரல் கணினிக்குள் போகாமலேயே காதுக்கு வந்துவிடும். அப்போது மென்பொருளில் மானிட்டரிங்கை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

படி 4: படபடவென்று வெடிப்புச் சத்தம்

கணினிக்கு மூச்சு முட்டுகிறது என்பதன் அடையாளம் இது. முதலில் பஃபரை ஏற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் வேலைச் சுமை. கன்ட்ரோல், ஆல்ட், பி அழுத்திப் பெர்ஃபார்மன்ஸ் மீட்டரைத் திறந்தால் எந்த டிராக் அதிகம் தின்கிறது என்று தெரியும். அந்த டிராக்கை வலது கிளிக் செய்து ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், அதாவது பிளகின் வேலை முடிந்த ஒலியாக எழுதி வைத்துவிடுங்கள். வேண்டும்போது திரும்ப விடுவித்துக்கொள்ளலாம்.

பஃபரை ஏற்றியும் நிற்கவில்லை என்றால் விண்டோஸில் வேறு ஏதோ குறுக்கே வருகிறது. வைஃபையை அணையுங்கள். யுஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் இன்டர்ஃபேஸை நேரடியாகக் கணினியில் செருகுங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள். பிறகு லேடன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் வழி மறிக்கிறது என்று பெயர் சொல்லிக் காட்டும். பெரும்பாலும் அது வைஃபை டிரைவராகவோ கிராஃபிக்ஸ் டிரைவராகவோ இருக்கும்.

சித்திரை வைகாசியில் இன்னொரு காரணமும் சேர்கிறது: சூடு. மடிக்கணினி சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஓடிய அதே புராஜெக்ட் பிற்பகல் மூன்று மணிக்கு வெடிக்கிறது என்றால் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டாம். மெத்தை மேல் வைக்காதீர்கள். பின்பக்கம் இரண்டு மரக்கட்டை கொடுத்துத் தூக்கி, காற்றுத் துளைகளில் அடைந்த புழுதியைத் தட்டிவிடுங்கள்.

படி 5: "ம்ம்ம்" என்ற இரைச்சல்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே எழுத விரும்புகிறேன். நம் ஊர் வீடுகளில் எனக்குத் தெரிந்து அதிகப் பதிவுகளைக் கெடுப்பது இதுதான். மென்பொருளில் இரைச்சல் நீக்கும் பிளகின் வாங்கப் பணம் செலவிடுகிறார்கள். காரணமோ சுவரில் இருக்கிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் டிராக்கில், எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஓர் ஈக்யூ பிளகின் போட்டு அதன் வரைபடத்தைப் பாருங்கள். 50, 100, 150 என்று வரிசையாகக் கூர்முனைகள் நிற்கின்றனவா? அப்படியானால் அது மின்சார இரைச்சல். இப்போது மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றுவிட்டதா? சார்ஜர் வழியாகத்தான் வருகிறது. பாட்டு பதியும் அந்த இருபது நிமிடமும் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். இதைவிட மலிவான மருந்து கிடையாது.

நிற்கவில்லை என்றால் எர்த்தைப் பாருங்கள். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில் மார்கழியில் சுத்தமாகப் பதிந்த அதே அறை, அதே மைக், பங்குனியில் இரைந்தது. கேபிளையெல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டோம். கடைசியில் மின் பணியாளர் ஒருவர் வந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த எர்த் குழியைக் காட்டினார். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. காய்ந்த மண்ணில் எர்த் சரியாக இறங்காது. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பதிந்தோம். ஈக்யூவில் 50 ஹெர்ட்ஸ் முனை கண்ணெதிரே தாழ்ந்து போயிருந்தது. அந்த வீட்டில் இப்போது கோடை முழுவதும் வாரம் ஒரு முறை அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இரைச்சல் போவதற்காக மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துவிடச் சிலர் சொல்வார்கள். உடைத்தால் இரைச்சல் நிற்கக்கூடும். ஆனால் மைக்கைப் பிடித்துப் பாடுகிறவர் உடம்பில் மின்சாரம் பாயவும் வாய்ப்பிருக்கிறது. எந்தப் பாட்டுக்காகவும் அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது. எர்த்தைச் சோதிப்பதை மின் பணியாளரிடமே விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் நீங்கள் செய்ய வேண்டியது, கணினி, இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது. வெவ்வேறு சுவரிலிருந்து எடுத்தால் எர்த்துக்கு இரண்டு வழி உண்டாகி அந்த வளையமே இரைச்சலாகும்.

வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை தரும் பழைய வகையாக இருந்தால் மின்வெட்டின்போது இரைச்சல் இன்னும் கடுமையாக இருக்கும். அப்போதும் பேட்டரிதான் வழி. பக்கத்து வயலில் போர் மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் "டிக்" என்று ஒன்று விழும். அந்த வரியை மட்டும் திரும்பப் பாடச் சொல்லுங்கள், தீர்ந்தது.

கிருஷ்ணகிரியில் என் அறை நெடுஞ்சாலைக்கு அருகில் இருக்கிறது. சென்னைச் சாலையும் சேலம் சாலையும் பெங்களூரை நோக்கி ஒன்றுகூடும் ஊர் இது, லாரி ஓயாது. லாரியின் உறுமல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வு. பெண் குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, ஆண் குரலுக்கு 80க்குக் கீழே ஹைபாஸ் ஃபில்டரால் வெட்டிவிட்டால் குரலுக்குக் கேடில்லாமல் உறுமல் பெரும்பகுதி போய்விடும். மைக் ஸ்டாண்டின் காலடியில் நான்காக மடித்த ஜமக்காளம் ஒன்றைப் போடுங்கள். தரை வழியாக ஏறும் அதிர்வு அதிலேயே அடங்கும். ஹார்ன் சத்தத்தை எந்த ஃபில்டரும் எடுக்காது. அதற்கு நான் இரவு ஒரு மணிக்கு மேல் பதிகிறேன்.

படி 6: சுருதி மாறிவிட்டது

ஒரு கூத்துக் குழுவின் பாட்டைப் பதிந்து, இரண்டு நாள் கழித்து ஆர்மோனியக்காரருக்குப் போட்டுக் காட்டினேன். பெரியவர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, என் பெட்டி ஐந்து கட்டை. இதில் வருவது ஐந்தரையும் இல்லை, ஆறும் இல்லை" என்றார். கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் கணக்கு.

அவர் சொன்னது அச்சு அசலாகச் சரி. இன்டர்ஃபேஸ் உண்மையில் 44,100இல் ஓடியிருக்கிறது. பின்னணியில் திறந்திருந்த வேறொரு செயலி அதை அங்கே பிடித்து வைத்திருந்தது. புராஜெக்ட்டோ 48,000 என்று நினைத்துக் கோப்பை எழுதிவிட்டது. 44,100இல் பதிந்ததை 48,000இல் ஓட்டினால் ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். ஐந்து கட்டைப் பாட்டு ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் போய் நிற்கும். ஐந்து நிமிடப் பாட்டு 4 நிமிடம் 36 வினாடியில் முடிந்துவிடும்.

மறுபடி பாட வைக்கத் தேவையில்லை. ரீப்பரில் அந்த ஒலித் துண்டைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்துங்கள். பிளேபேக் ரேட் கட்டத்தில் 0.91875 என்று எழுதி, "பிரிசர்வ் பிட்ச்" டிக்கை எடுத்துவிடுங்கள். 44,100ஐ 48,000 ஆல் வகுத்தால் வரும் எண் அது. சுருதியும் வேகமும் ஒன்றாகத் திரும்பிவிடும். எதிர்ப்பக்கத் தவறு என்றால், அதாவது பாட்டு மந்தமாகித் தாழ்ந்திருந்தால், 1.0884.

அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஆர்மோனியத்தில் ஆதார சட்ஜத்தைப் பத்து வினாடி பிடிக்கச் சொல்லிப் பதிந்து, உடனே அதை ஓட்டிப் பெட்டியோடு சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

படி 7: விடிய விடியக் கூத்து

திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் மகாபாரத விழாக்களில் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் தெருக்கூத்து விடியும்வரை போகும். இதை மடிக்கணினியில் பதிய விரும்புகிறவர்கள் மூன்று கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

48,000, 24 பிட், ஒரு மோனோ டிராக்: நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். நான்கு மைக், எட்டு மணி நேரம் என்றால் ஏறத்தாழ 16.6 ஜிகாபைட். வட்டில் அதைப் போல் இரண்டு மடங்கு இடம் இருந்தால்தான் கிளம்புங்கள்.

சாதாரண வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. அதன் நீளத்தைக் குறிக்கும் இடம் 32 பிட்தான். ஸ்டீரியோவில் பதிந்தால் நான்கு மணி எட்டு நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். பத்து மணிக்குத் தொடங்கினால் பின்னிரவு 2 மணி 8 நிமிடத்தில், கதை உச்சத்தில் இருக்கும்போது. பதிவு அமைப்பில் பெரிய கோப்புகளுக்கு ஆர்எஃப்64 அல்லது வேவ்64 தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒரு வேடம் உள்ளே போய் அடுத்த வேடம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும் இடைவெளியில் நிறுத்தித் தொடங்குங்கள்.

மூன்றாவது, கடிகாரம். கேமராவும் இன்டர்ஃபேஸும் வெவ்வேறு கடிகாரத்தில் ஓடுகின்றன. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே எட்டு மணி நேரத்தில் அரை வினாடிக்கு மேல் விலகிவிடும். வாய் ஒன்று பேசும், ஒலி ஒன்று வரும். தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கேமராவுக்கு முன்னால் தாளத்தை ஒற்றைத் தட்டாகத் தட்டச் சொல்லுங்கள். இரண்டு தட்டையும் பொருத்திக் கோப்பை நீட்டிவிட்டால் நடுவிலும் சரியாகிவிடும்.

ஒலியளவு: உரத்துப் பாடும் இடத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். ஒத்திகையில் பாடியதைவிட, கூட்டத்தைப் பார்த்ததும் கூத்தர்கள் இரு மடங்கு உரக்கப் பாடுவார்கள்; அது அவர்கள் கலையின் உயிர். இன்டர்ஃபேஸில் சிவப்பு எரிந்து வெட்டுப்பட்ட ஒலியை மென்பொருளில் குறைத்தால் சிறிதாகக் கேட்குமே தவிர, வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

மத்தளத்தின் இரு பக்கமும் மைக் வைத்தால் ஒரு மைக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல்கீழ்த் திசையை, திருப்பிக் கேளுங்கள். ஒரு தோல் உள்ளே அமுங்கும்போது மற்றது வெளியே தள்ளும். இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். டிராக்கில் வட்டத்தில் கோடு போட்ட பொத்தான் அதற்குத்தான். எந்த நிலையில் அடி கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். முகவீணையின் வாய்க்கு நேரே மைக்கை நீட்டாதீர்கள். இரண்டு அடி தள்ளி, சற்றுச் சாய்வாக வையுங்கள்.

மின்சாரம் போனால்? யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடும் இன்டர்ஃபேஸும் மடிக்கணினியும் பேட்டரியில் தொடரும். மேசைக் கணினி அணைந்துவிட்டால் பதறி அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதுவரை பதிந்தது பெரும்பாலும் வட்டில் இருக்கும், கோப்பின் தலைப்பு, அதாவது ஒலியின் விவரத்தை எழுதி வைக்கும் தொடக்கப் பகுதி, மட்டும் முழுமையாகியிருக்காது. அடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா. அங்கே 24 பிட், லிட்டில் எண்டியன், மோனோ, 48,000 என்று கொடுத்தால் ஒலி திரும்பக் கிடைக்கும். தொடக்கத்தில் ஒரு சிறு "டப்" கேட்கும்; அது தலைப்புப் பகுதி, வெட்டிவிடலாம். வெறும் இரைச்சலாக வந்தால் தொடக்க இடத்தை ஒரு பைட் தள்ளிக் கொடுத்துப் பாருங்கள்.

படி 8: மென்பொருள் நம் பாட்டைத் திருத்தப் பார்க்கும்போது

கட்டங்களுக்குள் ஸ்வரத்தையும் அடியையும் இழுத்து வைப்பதுதான் இந்த மென்பொருள்களின் இயல்பு. கூத்துப் பாட்டில் விருத்தம் காலமில்லாமல் நீண்டு, பிறகு தாளத்தில் விழுந்து, சண்டை நெருங்க நெருங்க வேகம் ஏறும். இதற்கு மெட்ரோனோம் போடாதீர்கள். ஒலியைக் கட்டத்துக்கு இழுக்கும் ஸ்னாப்பை அணையுங்கள். புராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை "டைம்" என்று வைத்துவிட்டால் பிறகு டெம்போவை மாற்றினாலும் பதிந்த ஒலி இடம் நகராது.

சுருதி திருத்தும் பிளகின்களை வேகமாக வைத்தால் கமகத்தை அது பிழை என்று எண்ணிப் படிக்கட்டாக்கிவிடும். திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால் பிசகிய அந்த ஒரு நீண்ட ஸ்வரத்தை மட்டும் வெட்டி எடுத்து மெதுவான வேகத்தில் திருத்துங்கள். என் கருத்தைக் கேட்டால், அந்த வரியை மறுபடி பாடச் சொல்வதே மேல்.

கீபோர்டில் வாசித்த ஸ்வரம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனால் கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி மொழியில் "விடு" என்ற செய்தி வழியில் தொலைந்துவிட்டது என்று பொருள். ஆக்ஷன் பட்டியலில் "ஆல் நோட்ஸ் ஆஃப்" என்று தேடி ஓட்டுங்கள்.

படி 9: புராஜெக்ட் திறக்கவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் ஒரே ஒரு பிளகின்தான் காரணம். ரீப்பரில் கோப்பைத் திறக்கும் சாளரத்திலேயே "ஓப்பன் வித் எஃப்எக்ஸ் ஆஃப்லைன்" என்ற கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்து திறந்து, பிளகின்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பியுங்கள். எதைத் தொட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. பழைய 32 பிட் பிளகின்களும் விலை கொடுக்காமல் எங்கிருந்தோ இறக்கிய பூட்டு உடைத்த பிளகின்களுமே அடிக்கடி இப்படிச் செய்கின்றன. பிந்தையதைப் போடவே போடாதீர்கள். பாட்டோடு கணினியும் போகும்.

எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததை, மென்பொருளை வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. ஆகவே மூடுவதற்கு முன் ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 10: வெளியே அனுப்புதல்

யூடியூப் ஏறத்தாழ மைனஸ் 14 லஃப்ஸ் என்ற உரப்பை மீறும் பாட்டைத் தானே குறைத்துவிடுகிறது. எனவே லிமிட்டரில் நசுக்கி உரக்க வைத்தால் உரப்பும் கிடைக்காது, மத்தளத்தின் அடியும் போகும். உச்சத்தை மைனஸ் 1 டெசிபலில் நிறுத்துங்கள். பாட்டை ஒரே கோப்பாக எழுதும் ரெண்டர் வேலை முடிந்ததும் ரீப்பர் இந்த எண்களைக் காட்டும், பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஆனால் நம் பாட்டு யூடியூபில் மட்டும் ஒலிப்பதில்லை. கோயில் மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியிலும் ஒலிக்கும். அது மோனோ. அதில் தாழ்ந்த சுருதி சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறத்தாழக் கேட்கவே கேட்காது. எனவே மாஸ்டரை மோனோவாக்கி, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே தற்காலிகமாக வெட்டிவிட்டு ஒரு முறை முழுப் பாட்டையும் கேளுங்கள். அப்போதும் சொல் புரிகிறதா? இடமும் வலமுமாக விரித்து வைத்த பின்பாட்டு காணாமல் போகிறதா? போனால் விரிப்பைக் குறையுங்கள். இந்தச் சோதனையில் தேறிய பாட்டு ஹெட்போனிலும் நன்றாகவே இருக்கும். முடிந்ததும் அந்த வெட்டையும் மோனோவையும் எடுத்துவிட மறக்காதீர்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது சுருதியையும் சாம்பிள் ரேட்டையும் அதிலேயே எழுதுங்கள்: "படுகளம், 5 கட்டை, 48". ஒரு பிரதி உங்கள் வட்டில், ஒரு பிரதி வேறொரு வட்டில், மூன்றாவதைப் பென் டிரைவில் போட்டு அன்றைக்கே கூத்து வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதைத் தன் ஆர்மோனியப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வார்.